மகராசியின் நூறாவது பக்கம்

நூறு முறை பறந்து, நூறு முறையும் பழுது இல்லாமல் திரும்பிய குண்டுவீச்சு விமானம் எங்கள் தளத்தில் ஒன்றே ஒன்றுதான். நான் சொல்லவில்லை, பதிவேடு சொல்கிறது. கடைசிப் பக்கம் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

போருக்கு முன்னால் நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்து அழகாக இருந்த ஒரே குற்றத்துக்காக என்னைப் பிடித்துக்கொண்டுபோய் விமானதளத்தின் பதிவுப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, அட்டையை மடித்து ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலி, விமானம் கிளம்பும்போதெல்லாம் கிடுகிடுவென்று ஆடுகிற ஜன்னல். பிறப்பு எழுதுகிற வேலை இங்கே இருக்காது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

விமானத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் பதினோரு இலக்க எண். வாயில் நுழையுமா அது? வந்து இறங்கிய அன்றே, ஓரமாகச் சிவனே என்று நின்றிருந்த தண்ணீர் லாரியை இறக்கையால் தட்டிக் கவிழ்த்துவிட்டு நின்றது. இருபது வருஷம் பஸ் டிப்போவில் எஞ்சின் பிரித்துப் பழகிய எங்கள் மெக்கானிக் எதற்கும் அசராதவர். "வரும்போதே வாரிச் சுருட்டிக்கிட்டு வராளே மகராசி!" என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மகராசிக்கு இருநூறு பக்கத்தில் ஒரு பதிவேடு. ஒரு பறப்புக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி. இடது பத்தி 'இயந்திரப் பழுது', வலது பத்தி 'ஆள் பிழை'. விமானத்துக்கு எது நடந்தாலும் இந்த இரண்டில் ஒன்றில் விழ வேண்டும்.

பதிவேட்டை என் கையில் கொடுத்த சூப்பிரண்டு கூடவே ஒரு ரப்பர் முத்திரையும் கொடுத்தார். அதில் 'பழுது இல்லை' என்று இருந்தது.

"இடது பத்தி இருநூத்துலயும் இப்பவே குத்திடுங்க" என்றார்.

"சார், விமானம் இன்னும் பறக்கவே ஆரம்பிக்கலையே?"

"அதனாலதான்யா சொல்றேன். இன்னைக்குப் பழுது இருக்கா? இல்ல. இன்னைக்குக் குத்தினா அது உண்மை. பறந்து வந்தப்புறம் குத்தினா, ஒருவேளை பொய்யாப் போயிடலாம். பொய் எழுதற ஆபீஸ் இல்ல இது."

முத்திரையை மையில் ஒற்றிக் குத்த ஆரம்பித்தேன்.

ஆபீஸில் நாற்பது பக்கம் குத்துவதற்குள் கை விட்டுப்போனது. மிச்சத்தை, விதிக்கு விரோதமாக, பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். என் தங்கையும் அவள் புருஷனும் என்னோடுதான் இருந்தார்கள். மாப்பிள்ளை கடிகாரம் பழுதுபார்க்கிறவர். கடைத்தெருவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கண்ணாடிக் கூண்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தரையில் பாய் விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் குத்த, மாப்பிள்ளை பக்கத்தைப் பிடித்து மை காய ஊத, தங்கை திருப்ப. தொண்ணூறு தாண்டியதும் தங்கை முத்திரையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"குடுண்ணா, பெரிய வித்தையா இது!"

ஒன்பது பக்கம் ஒழுங்காகத்தான் குத்தினாள். நூறாவதில் தலைகீழாகக் குத்திவிட்டாள். 'பழுது இல்லை' கால் மேலே, தலை கீழே நின்றது. மாப்பிள்ளை அவசரமாகத் துடைக்கப் போய் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை நீலமாகப் பதிந்தது. அவளுக்குச் சிரிப்பென்றால் சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

"ஐயோ, அண்ணன் வேலைக்கு உலை வெச்சிட்டியே" என்றார் மாப்பிள்ளை.

"நூறாவது பக்கத்தை எவன் பாக்கப் போறான்? அதுக்குள்ள போரே முடிஞ்சிடும்" என்றேன் நான்.

போர் முடியவில்லை.

மகராசியின் நோய் மூன்றாவது பறப்பிலேயே தெரிந்தது. வயிற்றில் ஆறு குண்டு தொங்கும், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. லிவரை இழுத்தால் கொக்கிகள் திறந்து குண்டுகள் விழ வேண்டும். இடது பக்கத்துக் கடைசிக் கொக்கி மட்டும் மேலே குளிரில் இறுகிக்கொள்ளும். கீழே வந்து வெதுவெதுப்புப் பட்டதும் இளகும். பிறகு எப்போது குலுங்குகிறதோ அப்போது திறக்கும். மூன்றாவது பறப்பில் மகராசி திரும்பிவந்து சக்கரத்தைத் தரையில் வைத்ததும் திறந்தது. குண்டு ஓடுதளத்தில் விழுந்து, உருண்டு, சமையல்கூடத்துச் சுவரில் முட்டி நின்றது. நல்ல வேளை, வெடிக்கவில்லை. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு மூன்று மாதமாக மனு எழுதிக்கொண்டிருந்த சமையற்காரர், மனு பலித்துவிட்டது என்று அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

விசாரணை நடந்தது. குண்டு போடுகிற ஆள் நிமிர்ந்து நின்று சொன்னான்: "லிவரை இழுத்தேன் ஐயா. ஆறாவது கொக்கி திறக்கல."

எங்கள் தளத்தின் தளபதி பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். இடது பத்தியில் முத்திரை பளிச்சென்று இருந்தது. "குண்டைப் போடுவது விமானத்தின் கடமை. அது தன் கடமையைச் செய்திருக்கிறது. எப்போது போடுவது என்பதுதான் ஆளின் கடமை" என்றார்.

சூப்பிரண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆள் பிழை: லிவரை முப்பத்தைந்து நிமிடம் முன்னதாக இழுத்தது. அந்த ஆளைக் காலாட்படைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவன் போட்ட கடிதம் ஒன்று வந்தது, பிறகு வரவில்லை.

அப்புறம் வந்தவர்களும் அப்படியே. ஒருவன் லிவரை மெதுவாக இழுத்தான். ஒருவன் வேகமாக இழுத்தான். ஒருவன் இழுக்கும்போது தும்மினான். ஆளை மாற்றினார்கள், கொக்கியை மாற்றவில்லை.

"ஒரு கொக்கிய மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"இருபது நிமிஷம். டீ குடிச்சிட்டு செஞ்சா அரை மணி."

"செய்ய வேண்டியதுதானே?"

"புதுக் கொக்கி வேணும்னா ஸ்டோர்ல பழுதுன்னு எழுதின பக்கத்தைக் காட்டணும். பழுது இல்லாத வண்டிக்கு எதுக்குடா கொக்கிங்கறான் அவன். இருக்கறதக் கழட்டித் தட்டலாம்னா, அதுல ஈயத்துல சீல் வெச்சிருக்கு. உடைச்சா நாசவேலை. சுவத்துல நிக்க வெச்சுச் சுட்டுடுவாங்க. நீ அந்த முத்திரை மேல கோடு அடிச்சிட்டு எழுதேன்?"

முத்திரை விழுந்த பத்தியில் பேனா வைக்க விதியில் இடமில்லை. வைக்க வேண்டுமென்றால், பொய்யாக முத்திரை குத்தியவன் யார் என்று முதலில் விசாரிப்பார்கள். குத்தியவன் நான். போர்க்காலத்தில் பொய்ப் பதிவுக்கு என்ன தண்டனை என்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். நான் பேனாவை மூடிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், அன்றைக்கு நான் அதுதான்.

நாற்பத்தொன்றாவது பறப்பில் கொக்கி நம் ஊருக்கு மேலேயே குலுங்கித் திறந்தது. ரயில் நிலையத்தில் பயணிகள் காத்திருக்கிற அறை. பதினான்கு பேர். எதிரி விமானம் வந்து போட்டதாக ரேடியோவில் சொன்னார்கள்.

"ஆறு எடுத்துக்கிட்டுப் போனா. அஞ்சுதான் அங்க விழுந்துச்சுன்னு ஆள் சொல்றான். வயித்துல ஒண்ணுமில்லாம வந்து நிக்கறா. ஆறாவது எங்க?" என்றார் மெக்கானிக். ரயில் நிலையத்தில் பொறுக்கிய ஒரு தகட்டுத் துண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நம் தொழிற்சாலையின் குறி அதில் முழுசாக இருந்தது.

ஓடுதளத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. தளபதி மைக்கைப் பிடித்தார். "நம் மக்கள் தலைமேல் குண்டு போட்டவர்கள் எங்கே ஒளிந்திருந்தாலும் விட மாட்டோம். அவர்கள் எந்தத் தளத்திலிருந்து கிளம்பினார்களோ அந்தத் தளம் தரைமட்டமாகும். இது சத்தியம்!" என்றார். எல்லாரும் கை தட்டினோம். அந்தப் பழியைத் தீர்க்க மகராசியையே அனுப்பினார்கள். அதன் மூக்கில் சிவப்பாக ஒரு தீச்சுவாலை வரைந்தார்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். எதிரிக்குத் தனிப் பத்தி இல்லாததால், ஆள் பிழையின் கீழ் 'எதிரி' என்று எழுதச் சொன்னார் சூப்பிரண்டு. எழுதினேன். அன்று இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை, மூன்றாம் வேளை இறங்கியது.

தொண்ணூறு தாண்டியதும் தளத்துக்கே பித்துப் பிடித்தது. நூறு பறப்பு முடித்த விமானம் நாட்டில் எங்கும் இல்லை. நூறு முடிந்ததும் மகராசியை ஓய்வுக்கு விட்டு, வாசலில் மேடை கட்டி நிறுத்துவது என்று முடிவானது. சிமெண்ட் மேடை எழும்பியது. 'நூறு பறப்பு, பழுது ஒன்றும் இல்லை' என்று கல்லிலும் வெட்டிவிட்டார்கள். அப்போது பார்த்துத் தொண்ணூற்றேழாவது பறப்புக்குப் புதிதாக ஒரு குண்டு போடுகிற ஆள் வேண்டியிருந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்து என் மேசையில் வைத்தார்கள்.

என் மாப்பிள்ளையின் பெயர்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவரைப் படைக்கு இழுத்திருந்தார்கள். பொடிப்பொடி சக்கரங்களைப் பார்த்துப் பழகிய கண் என்று குண்டு போடப் பழக்கினார்களாம். தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எங்கேயோ போட்டுடுவாங்களோன்னு செத்துக்கிட்டிருந்தேண்ணா. நீ இருக்கிற இடத்துக்கே வந்துட்டாரு. பாத்துக்கோ!"

"பாத்துக்கறேன்" என்றேன்.

அன்றைக்கே போய்ச் சூப்பிரண்டு முன்னால் நின்றேன். "சார், இருநூறு முத்திரையும் பறக்கறதுக்கு முன்னாடியே குத்தினது. அத்தனையும் பொய். கொக்கி பழுது. குத்தினவன் நான்தான், என்ன தண்டனையோ குடுங்க. மகராசிய நிறுத்துங்க."

"நான் குத்தச் சொன்னேனா?"

"ஆமா சார்."

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்று வருத்தப்பட்டார். மனுஷன் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மூன்று பேர் கமிட்டி உட்கார்ந்தது. இந்த முத்திரைகளை நம்பித்தான் தளபதிக்கு நான்கு பதக்கம் வந்திருந்தது. மந்திரி கையால் குத்தியது. முத்திரை பொய்யென்றால் பதக்கம் பொய், பதக்கம் பொய்யென்றால் மந்திரி? கமிட்டி அதற்கு மேல் யோசிக்க விரும்பவில்லை. விமானத்தில் பழுது இருப்பதாக எனக்குத் தெரிவது என் கண்ணின் கோளாறு என்று தீர்மானித்து, கண் டாக்டரிடம் அனுப்பியது. டாக்டர் கடைசி வரி எழுத்து வரைக்கும் படிக்கச் சொன்னார், படித்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். கமிட்டி அதைப் படித்துவிட்டு, 'பார்வை அளவுக்கு மீறி உள்ளது, இல்லாததும் தெரிகிறது' என்று குறிப்பு எழுதி, வெறும் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்றை எனக்கு வழங்கியது. பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் போட வேண்டும் என்று உத்தரவு.

தொண்ணூற்றேழில் ஆறும் விழுந்தன. தொண்ணூற்றெட்டில் கொக்கி இறுகிக்கொண்டது. மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. கடிகாரக் கடையிலிருந்து கொண்டுவந்த திருப்புளியை எடுத்துக்கொண்டு விமானத்தின் வயிற்றுக்குள் ஊர்ந்துபோய், கடலுக்கு மேலே வைத்துக் கொக்கியைத் தட்டித் திறந்துவிட்டார். இறங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சுவர்க் கடிகாரத்துல இந்தக் கோளாறு தினம் நாலு வரும் மச்சான். எண்ணெய் உறைஞ்சு போகுது, அவ்வளவுதான். திருப்புளி இருக்கற வரைக்கும் பயமில்ல."

தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். ஆள் பிழை: பறக்கும்போது இருக்கையை விட்டு எழுந்தது. திருப்புளியைப் பறிமுதல் செய்தார்கள். சொந்தக் கருவி வைத்திருப்பது அரசாங்க இயந்திரத்தின்மேல் நம்பிக்கை இல்லாததைக் காட்டுகிறது என்று தளபதி அரை மணி நேரம் பேசினார். திருப்புளி அவர் இழுப்பறைக்குள் போய்விட்டது. தொண்ணூற்றொன்பது தப்பித்தது.

நூறாவது பறப்பு நாள் காலையில் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் பந்தல், நாற்காலி, பாண்டு வாத்தியம். மந்திரி முன்வரிசையில். விமானத்தில் போன ஐந்து பேரின் குடும்பமும் இரண்டாவது வரிசையில். தங்கை இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னை மேலே ரேடியோ அறையில் பதிவேட்டோடு உட்கார வைத்திருந்தார்கள். சக்கரம் தரையில் பட்ட நிமிடத்தை அங்கேயே எழுத வேண்டும். பத்தரைக்கு மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"இடது பக்கம் கடைசிக் கொக்கி திறக்கல. குண்டு தொங்கிக்கிட்டிருக்கு. கையில ஒண்ணும் இல்ல, தட்ட முடியல. கடலுக்குப் போய் உதறிட்டு வரோம். உத்தரவு குடுங்க."

பக்கத்தில் நின்றிருந்த தளபதி மைக்கை வாங்கினார். "கடலுக்குப் போய் வர எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம் ஐயா."

"பதினோரு மணிக்கு மந்திரி கிளம்பணும்." என் பக்கம் திரும்பினார். "பதிவேடு என்ன சொல்லுது?"

நூறாவது பக்கத்தைத் திறந்தேன். முத்திரை தலைகீழாக நின்றது. "ஐயா, இது வீட்டுல வெச்சுக் குத்தினது ஐயா! குண்டு தொங்குது ஐயா!"

"கண்ணாடியைப் போடுங்க."

போட்டேன். அப்போதும் 'பழுது இல்லை' என்றுதான் இருந்தது.

"பழுது இல்லை. இறங்கலாம்" என்று தளபதி மைக்கில் சொன்னார்.

ரேடியோ இரைந்தது. பிறகு மாப்பிள்ளை கேட்டார்: "மச்சான் அங்க இருக்காரா?"

மைக்கைப் பிடுங்கினேன். "இருக்கேன் மாப்பிள்ளை. இருக்கேன்."

"அவள முன்னாடி உக்கார வெச்சிருக்காங்களா? கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க மச்சான்."

படிக்கட்டில் நான் இறங்கினேனா, விழுந்தேனா, தெரியாது. அவள் எழுந்து நின்று வானத்தைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். "என்னண்ணா, விடு, வந்துட்டாரு பாரு!" என்று உதறினாள். மேடை வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அந்தச் சிமெண்டுக்குப் பின்னால் தள்ளினேன். சக்கரம் தரையில் பட்ட சத்தம் கேட்டது. பாண்டுக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அடுத்து வந்த சத்தத்தில் பாண்டு கேட்கவில்லை.

ஐந்து பேரும் போனார்கள். பந்தலில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மந்திரியின் சால்வையில் கொஞ்சம் புழுதி.

நூறு முடிந்ததா இல்லையா என்று அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. "வெடித்தது இறங்குவதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. பறப்பு நிறைவு பெற்றது" என்றார் தளபதி. மேடையில் நிறுத்த விமானம் இல்லாததால் மிஞ்சிய ஒரு சக்கரத்தை நிறுத்தினார்கள். கல்லை மாற்றவில்லை.

நூறாம் பக்கத்தின் வலது பத்தியை நான் எழுத மாட்டேன் என்றேன். என் கையெழுத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தது போதும் என்றேன். சூப்பிரண்டு கோபப்படவில்லை, தானே எழுதினார். ஆள் பிழை: லிவரை உரிய அழுத்தத்தோடு இழுக்காதது. ஆள் இறந்துவிட்டால், குடும்பத்தார் அதைப் படித்து, ஒப்புக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி.

பத்தாம் நாள் தங்கை வந்தாள். என் நாற்காலியில் உட்கார வைத்தேன். பதிவேட்டை அவள் முன்னால் விரித்து வைத்த சூப்பிரண்டு, "இங்க போடுங்கம்மா" என்று வலது பத்தியைக் காட்டினார். அவள் இடது பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது நான் குத்தினதுதானே?"

"இல்லம்மா. அது வேற புத்தகம்."

என் வாழ்க்கையில் நான் மனசறிந்து வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான். அது எடுபடவில்லை. அவள் ஓரத்தில் இருந்த நீலக் கட்டைவிரல் ரேகைமேல் தன் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தாமல், சும்மா வைத்தாள். ஜன்னல் ஆடிக்கொண்டிருந்தது, வெளியே புது விமானம் ஒன்று வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு வலது பத்தியை மெதுவாக, வாய்விட்டுப் படித்தாள். முடித்துவிட்டுக் கையை நீட்டினாள். கையெழுத்துப் போடத்தான் கேட்கிறாள் என்று சூப்பிரண்டு பேனாவை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. மேசையிலிருந்த முத்திரையை எடுத்தாள். நேராக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். மையில் ஒற்றி, வலது பத்தியில், சூப்பிரண்டு எழுதியதன்மேல், இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினாள்.

பழுது இல்லை.

"ஐயையோ, என்னம்மா காரியம் பண்ணிட்டீங்க!" என்று சூப்பிரண்டு பதறிப்போய்ப் பேனாவைத் திறந்தார். திறந்த பேனா அப்படியே நின்றது. முத்திரை விழுந்த பத்தியில் பேனா வைக்க விதியில் இடமில்லை. அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

தங்கை குனிந்து, மை காயும் வரைக்கும் ஊதினாள். பிறகு எழுந்து, முத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சூப்பிரண்டு பேனாவை மூடினார். பதிவேட்டையும் மூடினார். இழுப்பறையைத் திறந்து இன்னொரு முத்திரையை எடுத்தார், உள்ளே இன்னும் ஐந்தாறு கிடந்தன. புதுப் பதிவேடு ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"இருநூறு பக்கம். நாளைக்குள்ள முடிச்சிடுங்க."

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தப் பதிவேட்டின்மேல் வைத்துவிட்டு, தங்கையின் பின்னால் போனேன்.